உங்கள் முகத்தையும் பிள்ளைகள் படிக்கிறார்கள்: வேலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டத்தின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அவர்களை ஆய்வுக் கூட்டங்களுக்கு அழைக்கும் கல்வித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

குடியாத்தத்தை அடுத்த ஓர் ஊரில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் அரசுப் பணியில் இருப்பவள் அல்ல. உங்கள் வேலையின் பாரம் முழுவதும் எனக்குத் தெரியும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளி விட்டு வந்து புத்தகப் பையை இறக்கிவைக்கும் பிள்ளைகள் அன்று பகலில் உங்களிடமிருந்து எதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாடமும் வீட்டுப்பாடமும் நோட்டில் இருக்கின்றன. நோட்டில் இல்லாத ஒன்றும் அவர்களோடு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2024-ம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், தேர்ச்சி விழுக்காட்டில் வேலூர் மாவட்டம் மாநிலத்தின் கடைசி இடத்தில் நின்றது. அந்தப் பட்டியல் நாளிதழ்களில் வந்ததற்குப் பிறகு உங்கள் தலையில் ஏறிய சுமை சிறியதல்ல. வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே படிக்கும் பிள்ளைகள், தீப்பெட்டி ஆலைக்கு விடியலில் கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகள், பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே வினாத்தாளுக்குத் தயார்செய்ய வேண்டியிருக்கிறது. பின்தங்கியதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யப் பணம் வேண்டும், அரசாணை வேண்டும், ஆள் வேண்டும். நான் பேசவிருக்கும் காரணத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் ஜனவரி மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு மாற்றம் தெரியும். பிள்ளைகளின் பேச்சு குறைந்துவிடும். கேட்டால் பதில் சொல்வதற்கு முன்பு என் முகத்தைப் பார்ப்பார்கள். சாதாரணமாகச் சிரித்து விளையாடும் பையன், அளவுகோல் கீழே விழுந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்புவான். அந்த நாள்களில் யாரையும் யாரும் அடித்திருக்கமாட்டார்கள், திட்டியிருக்கவும் மாட்டார்கள். ஆய்வுக் கூட்டத்தில் அலுவலரின் முகம் இறுகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த தலைமையாசிரியர் வராந்தாவில் யாருக்கும் முகம் கொடுக்காமல் நடந்திருப்பார். அவரைக் கடந்து வகுப்புக்குள் நுழைந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டைச் சற்று ஓங்கி மேசைமேல் வைத்திருப்பார். வாய் திறக்காமலேயே கூட்டத்தின் அச்சம் கடைசி பெஞ்சுவரை வந்து சேர்ந்துவிடுகிறது.

விடைத்தாள் கொடுக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று நினைக்கும் நல்ல ஆசிரியர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் 35-க்குக் கீழே எடுத்தவர்களின் தாளை மட்டும், மற்றவர் பார்வையில் படாமல் இருக்கட்டும் என்று மடித்துக் கொடுப்பாராம். எண்ணம் உயர்ந்தது. ஆனால் மாலை வகுப்புக்கு வந்த சிறுமி என்னிடம் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. “எனக்கு மடித்துக் கொடுத்தார்கள்” என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அது என்னவென்று புரிந்தது. எண்ணைச் சொல்லியிருந்தால்கூட 31 என்பது 35-க்கு நான்கு குறைவு, அவ்வளவுதான். மடிப்புக்கு அளவே இல்லை. அதை அவள் தன்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். தெருவில் சின்னப் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடுவார்கள். ஒருத்தி டீச்சர், மற்றவர்கள் மாணவர்கள். அந்த விளையாட்டில் பாடம் நடப்பதே இல்லை. சாக்பீஸை மேசைமேல் மூன்று முறை தட்டுவது, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது, நோட்டைத் திருத்தும்போது உச்சுக் கொட்டுவது, பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவது, இவைதான் நடக்கும். எந்த ஆசிரியரை நடித்துக் காட்டுகிறார்கள் என்று அந்தப் பள்ளியில் படிக்கும் எவரும் கண்டுபிடித்துவிடலாம். நல்லதையும் நடிக்கிறார்கள். ஓர் ஆசிரியை, தப்பாகச் சொன்ன பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, “எங்கே, எப்படிச் செய்தாய் என்று காட்டு” என்பாராம். அந்தக் குனிதலை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அச்சு அசலாகச் செய்து காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனம் இளகிவிட்டது.

உடம்பு உடம்பைப் பார்த்துக் கற்பது இப்படித்தான் போலும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உல்ஃப் டிம்பெர்க் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிரித்த முகத்தையோ சினந்த முகத்தையோ வெறும் 30 மில்லி விநாடி, அதாவது பார்த்தோம் என்று உணரக்கூட முடியாத நேரம், திரையில் காட்டிவிட்டு உடனே சாதாரண முகம் ஒன்றால் அதை மறைத்துவிட்டார்கள். பார்த்தவர்களின் முகத் தசைகளில் பொருத்தியிருந்த மின்முனைகள், சிரித்த முகத்துக்குக் கன்னத் தசையும் சினந்த முகத்துக்குப் புருவத் தசையும் அசைந்ததைப் பதிவுசெய்தன. எந்த முகத்தைப் பார்த்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் முகத்துக்குத் தெரிந்திருந்தது. பார்த்த முகத்தை நம் முகம் சிறிதளவு போலச்செய்கிறது. அந்தப் போலச்செய்தலிலிருந்து உணர்வும் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. எலைன் ஹாட்ஃபீல்டு முதலான உளவியலாளர்கள் 1990-களில் உணர்வுத் தொற்று என்று விளக்கியது இதைத்தான்.

வட ஆற்காட்டு மண்ணில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வகம் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் கோடை நாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் படுகளத்தன்று களத்தில் மண்ணால் செய்த பெரிய உருவம் மல்லாந்து கிடக்கும். விரித்த கூந்தலோடு திரௌபதி வேடம் வரும்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் அருள் வந்து ஆடத் தொடங்குவாள். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தி. கதை தெரியாத குழந்தைகூட அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அழும். அந்தக் கூட்டத்தில் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் ஜூன் மாதத்தில் உங்கள் வகுப்பில் உட்காருகிறார்கள். பள்ளிச் சீருடை போட்டதும் அந்த இயல்பு போய்விடுவதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பணியிடைப் பயிற்சி முகாம்களில், ‘நாம் சொல்வதில் 7 விழுக்காடுதான் சொல், 38 குரல், 55 முகமும் உடலும்’ என்று ஒரு கணக்கைத் திரையில் போட்டுக் காட்டுவதுண்டு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து பிடுங்கி எடுத்த எண்கள் அவை. ஒற்றைச் சொற்களைச் சொல்லும்போது, சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பேசுகிறவருக்கு நம்மைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை மக்கள் எதை வைத்து முடிவுசெய்கிறார்கள் என்றுதான் அவர் பார்த்தார். பித்தாகரஸ் தேற்றத்தில் 93 விழுக்காட்டைக் குரலாலும் முகத்தாலும் விளக்கிவிட முடியாது. பாடம் சொல்லால்தான் போகிறது, கரும்பலகையால்தான் போகிறது. அந்தச் சொல் தனக்காகச் சொல்லப்படுகிறதா, தன்னால் அதைப் பிடித்துக்கொள்ள முடியும் என்று எதிரில் நிற்பவர் நினைக்கிறாரா என்பதைப் பிள்ளை முகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த அளவுக்குச் சொன்னால் போதும். மிகைப்படுத்தினால் இருக்கிற உண்மையும் கெட்டுவிடும்.

இருக்கிற உண்மை சிறியதல்ல. நம் நாட்டில் பிறந்து ஹார்வர்டில் ஆய்வு செய்த நளினி அம்பாடி, தன் பேராசிரியர் ராபர்ட் ரோசந்தாலோடு சேர்ந்து 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரியில் பாடம் எடுப்பவர்களின் காணொளியிலிருந்து பத்துப் பத்து விநாடித் துண்டுகளை வெட்டி, ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, அவர்களை முன்பின் தெரியாதவர்களிடம் காட்டினார். இவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று அவர்கள் சொன்ன மதிப்பீடு, அரையாண்டு முழுவதும் அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துப்போனது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை வைத்துச் செய்தபோதும் தலைமையாசிரியர்களின் மதிப்பீட்டோடு ஒத்துப்போனது. பத்து விநாடியில், சத்தமில்லாமல், அறியாதவர் கண்ணுக்கே இவ்வளவு தெரிகிறது என்றால், ஆண்டு முழுவதும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்!

இனி கரும்பலகைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது அங்கே நடப்பதுதான்.

கணக்குப் போட எழுப்பிவிடப்பட்ட பையன் சாக்பீஸோடு நிற்கிறான். இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்த வேண்டும். ‘கூட்டல் 3’ என்று எழுதப் போகிறான். எழுதுவதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பி ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறான். புருவம் லேசாகச் சுருங்குகிறது. உடனே ‘கழித்தல் 3’ என்று எழுதுகிறான். முகம் தெளிகிறது. “சரி, போய் உட்கார்.” ஆசிரியருக்கு மகிழ்ச்சி, பையனுக்கு நிம்மதி. மாலையில் அதே கணக்கை எண்களை மாற்றிக் கொடுத்தால் அவனுக்கு வருவதில்லை. நான் முகத்தை அசைக்காமல் இருக்கும்போது அவன் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பகலில் அவன் விடை கண்டது உங்கள் புருவத்தில்.

ஜெர்மனியில் 1900-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்ற ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் அதை வளர்த்தார். ஐந்தும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால் குளம்பால் பன்னிரண்டு முறை தட்டும். நாடே வியந்தது. 1904-ல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற இளம் உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்புக் கட்டிக் கேட்பவரைப் பார்க்க முடியாமல் செய்தபோதும் தெரியவில்லை. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றுக் குனிந்திருப்பார். சரியான எண்ணிக்கை வந்ததும் தன்னை அறியாமல் நிமிர்வார். அந்த நிமிர்வைக் கண்டதும் குதிரை தட்டுவதை நிறுத்தியது. இதில் என்னை உறையவைத்த செய்தி, இந்தக் குறிப்பைக் கண்டுபிடித்த பிறகும் ஃபங்ஸ்டால் தன் தலை அசைவை முழுவதும் அடக்க முடியவில்லை என்பது. ஃபான் ஆஸ்டன் கடைசிவரை இதை ஏற்கவே இல்லை. அவர் பொய்யர் அல்ல. மனதாரக் கற்றுக்கொடுத்தார். ஆனால் குதிரை கற்றது அவர் கற்பித்ததை அல்ல.

கூர்மையான பிள்ளைகள்தான் இந்த வலையில் அதிகம் விழுகிறார்கள் என்பது என் அனுபவம். வீட்டில் குடிகார அப்பாவின் முகம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு முகம் படிப்பது தற்காப்பு. அந்தத் திறமையைப் பள்ளிக்கும் கொண்டுவருகிறது. வகுப்பில் அது நன்றாகப் படிக்கும் பிள்ளையாகத் தெரியும். பொதுத்தேர்வில் வினாத்தாளுக்குப் புருவம் கிடையாது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பையன் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பின் பின்பக்கம் போய் நில்லுங்கள். விடை சரியானாலும் தவறானாலும் “ஏன் அப்படிப் போட்டாய்?” என்று ஒரே குரலில் கேளுங்கள். தவறுக்கு மட்டுமே ‘ஏன்’ வந்தால் ‘ஏன்’ என்ற சொல்லே அடியாகிவிடும். அப்புறம், காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள். நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் கருதியவர்களுக்கே அதிக நேரம் காத்திருந்தார்கள் என்பதையும் அவர் கண்டார். உண்மையில் நேரம் அதிகம் தேவைப்படுபவர்கள் மற்றவர்கள் அல்லவா? மூன்று விநாடி மௌனமாக, முகத்தில் அவசரம் காட்டாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று நாளைக்கே முயன்று பாருங்கள்.

ஜூன் மாதத்துப் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீத்திறன் மாணவர், சராசரி மாணவர், மெல்லக் கற்போர் என்று பிரித்து, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்கும் பட்டியல். யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று அறிவதற்காகத்தான் அது வந்தது. எனினும் நடப்பது வேறு. 1960-களில் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் அமெரிக்காவின் தெற்கு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில், குலுக்கல் முறையில் எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அந்த ஆய்வின் அளவீடுகள் மேல் பின்னர் கடுமையான கேள்விகள் எழுந்தன. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஆனால் அதே வகையில் நடந்த 18 சோதனைகளை 1984-ல் ஸ்டீஃபன் ராடன்புஷ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கம் ஏற்பட்ட பிறகு சொன்னால், எதிர்பார்ப்பு அநேகமாக எந்த மாற்றமும் செய்யவில்லை. முன்பே சொன்னால் செய்தது. தன் கண்ணால் பார்த்துப் பழகிய ஆசிரியர் பட்டியலை நம்புவதில்லை, பிள்ளையை நம்புகிறார்.

ஆகவே தலைமையாசிரியர்களே, அந்தப் பட்டியலை ஜூன் முதல் வாரத்தில் கொடுக்காதீர்கள். ஜூலையில் கொடுங்கள். அதற்குள் ஆசிரியர்கள் பிள்ளைகளை முகம் பார்த்துப் பழகியிருப்பார்கள். இதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சையன் பைலாக்கும் குழுவினரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கைக் கண்டு உள்ளூரப் பயப்படும் ஆசிரியைகளிடம் ஓராண்டு படித்த சிறுமிகள், ‘கணக்கு ஆண்களுக்குத்தான் வரும்’ என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் கணக்கு மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. ஆண்டின் தொடக்கத்தில் அந்த வேறுபாடு இல்லை. சிறுவர்களிடம் கடைசிவரை இல்லை. யாரும் அப்படிப் பாடம் நடத்தவில்லை. பயம் மட்டும் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. நம் ஊரில் இதே வேலையை ஒரு பெருமூச்சும் “இது போதும், தேர்ச்சிக்கு இவ்வளவு போதும்” என்ற சமாதானமும் செய்துவிடுகின்றன. குறைந்தபட்சக் கற்றல் கையேட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது அந்தக் கை எப்படி நீள்கிறது என்பதையும் அவள் பார்க்கிறாள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறாயா என்று யாராவது கேட்கலாம். இல்லை. வரவழைத்த சிரிப்பைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுகொள்வார்கள். அது உங்களுக்கும் கூடுதல் களைப்பு. வேலூர் வெயிலில், மின்விசிறி சுற்றாத அறையில், எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவும் தேர்தல் பணியும் முடித்துவிட்டு வருகிறவரிடம் சிரிப்பைக் கேட்பது கொடுமை. கனடாவில் ஈவா ஓபர்லியும் கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்லும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 400-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தின் போது சுரக்கும் கார்டிசோல் அளவைப் பார்த்தார்கள். வேலையில் மனம் வறண்டுபோனதாகச் சொன்ன ஆசிரியர்களின் வகுப்புகளில், பிள்ளைகளின் காலை நேர அளவு அதிகமாக இருந்தது. ஆசிரியரின் சோர்வு பிள்ளைக்குப் போயிற்றா, பிள்ளைகளின் தொல்லை ஆசிரியரைச் சோர்வாக்கிற்றா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் ஒரே அறைக்குள் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. ஆசிரியரின் நலத்தைப் பார்த்துக்கொள்ளாமல் பிள்ளையின் நலத்தை மட்டும் பார்க்கும் வழி கிடையாது.

நான் கேட்பது சிரிப்பு அல்ல, விளக்கம். எனக்குத் தெரிந்த ஓர் அறிவியல் ஆசிரியர் உடம்பு சரியில்லாத நாளில் வகுப்புக்குள் நுழைந்ததும், “எனக்குக் காலையிலிருந்து தலைவலி. என் முகம் கடுகடுவென்று இருக்கும். உங்கள் யார் மேலும் கோபம் இல்லை” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். இவ்வளவுதான். பிள்ளைகள் அன்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்களாம். முகத்துக்குக் காரணம் தெரியாதபோது பிள்ளை தன்னையே காரணமாக வைத்துக்கொள்கிறது. காரணம் சொல்லிவிட்டால் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது பயமும் இல்லை, ஏளனமும் இல்லை.

கல்வித் துறை அலுவலர்களே, உங்களிடமும் வருகிறேன். ஏணியின் மேல்படியில் நீங்கள் இருக்கிறீர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் சீகல் பார்சேட் செய்து 2002-ல் வெளியிட்ட சோதனையில், ஊக்கத்தொகையைப் பங்கிட உட்கார்ந்த சிறு குழுக்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நடிகரை உறுப்பினர்போல உட்காரவைத்தார். ஒரு குழுவில் அவர் உற்சாகமாக நடித்தார், இன்னொன்றில் எரிச்சலாக, வேறொன்றில் சோர்வாக. அந்த ஒருவரின் மனநிலை குழு முழுவதற்கும் பரவியது. நல்ல மனநிலை பரவிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, மோதல் குறைந்தது. குழுவில் ஒருவராக உட்கார்ந்தவருக்கே இந்த வலிமை. மேடையில், மைக்குக்கு முன்னால், பள்ளியின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கவைக்கும் அதிகாரம் உள்ளவருக்கு எவ்வளவு இருக்கும்? தேர்ச்சி குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரை நூறு பேர் முன்னிலையில் எழுப்பி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். அவரைத் தனியாக அழைத்து, உட்காரச் சொல்லி, எந்தப் பாடத்தில், எந்தப் பிள்ளைகள், என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே நீங்கள் கொடுக்கும் அவமானம் கூட்ட அரங்கில் நிற்பதில்லை. அன்று மாலையே பேருந்து ஏறிப் பேரணாம்பட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் போய்விடுகிறது. ஆய்வுக் கூட்டங்களைப் பள்ளி வேலை நாளின் காலையில் வைக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். அந்த முகத்தோடு நேராக வகுப்புக்குள் நுழையும்படி எவருக்கும் நேரக் கூடாது.

கடைசியாக, அறைக் கண்காணிப்பாளர்களாகப் போகும் ஆசிரியர்களுக்கு. பொதுத்தேர்வு அன்று நீங்கள் வேறு பள்ளியிலிருந்து வருகிறீர்கள். அந்த அறையில் இருக்கும் 20 பிள்ளைகளுக்கும் உங்களைத் தெரியாது. காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, முதல் 10 நிமிடம் அதைப் படிக்கவும், அடுத்த 5 நிமிடம் முகப்புத் தாளைச் சரிபார்க்கவும் ஒதுக்குகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகள் எழுத முடியாது, பேச முடியாது. அவர்கள் பார்ப்பது இரண்டைத்தான்: வினாத்தாளையும் உங்களையும். ஹால் டிக்கெட்டின் புகைப்படத்தையும் பிள்ளையின் முகத்தையும் ஒப்பிடும்போது குற்றவாளியைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்க்காதீர்கள். பறக்கும் படை வரும் என்ற பதற்றம் உங்களுக்கு இருக்கும். அதற்காக வரிசைகளுக்கு இடையே விறுவிறுவென்று நடக்காதீர்கள். ஓரிடத்தில் நில்லுங்கள். கையெழுத்துப் போட மேசைக்கு வரும்போது பிள்ளையின் பக்கவாட்டில் நின்று, பதிவெண்ணை அவர்களே சொல்லக் கேட்டுச் சரிபாருங்கள். தன் குரல் தன் காதில் விழுந்தாலே பாதிப் படபடப்பு அடங்கும். கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கும் பிள்ளையிடம் போகும்போது உச்சுக் கொட்டாதீர்கள். அந்தப் பிள்ளை நிறைய எழுதுகிறது என்பதுதான் அதன் பொருள்.

வரும் மார்ச்சில் எங்கள் தெருவிலிருந்தும் சிலர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மடலில் ஏதேனும் தவறாகவோ நடைமுறைக்கு ஒவ்வாததாகவோ இருந்தால், வகுப்பறையில் நிற்கும் நீங்கள் எழுதுங்கள். படித்துத் திருத்திக்கொள்கிறேன். ஜூலைப் பட்டியலையும் விடைத்தாள் மடிப்பையும் மட்டுமாவது உங்கள் அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

நன்றியுடன்,
குடியாத்தம் வட்டத்திலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியை